சதுரக் கொப்பியில் இருந்த வீடுகள்

முந்தல்
11.05.1997

குவைத்தில் இருக்கும் அன்புள்ள மாக்கிறட் அக்காவுக்கு,

தங்கை அனஸ்தாசியா எழுதுவது. நானும் மகள் றொசலினும் சுகம். அந்த வெயிலில் நீங்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று பின்னேரச் செபமாலையில் பத்து மணிகளை உங்களுக்கென்று ஒதுக்கிச் சொல்கிறோம். நீங்கள் அனுப்பிய பால்மாவும் மகளின் சட்டையும் வந்து சேர்ந்தன. சட்டை கொஞ்சம் பெரிது. அடுத்த பாஸ்காத் திருநாளுக்கு அளவாக இருக்கும்.

அக்கா, கடைசி மூன்று கடிதத்திலும் நீங்கள் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். என் கடிதத்தின் அடியில் றொசலினின் அப்பா வழக்கமாக எழுதும் இரண்டு வரி ஏன் இல்லை என்று. அவர் உச்சமுனைப் பக்கம் மீன்வாடியில் தங்கி வேலை செய்கிறார் என்று எழுதினேன். அது பொய். உங்களிடம் நான் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. தூரத்தில் இருக்கும் உங்களுக்கு நித்திரை இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். இப்போது சொல்லாவிட்டால் எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்போல் இருக்கிறது.

புலி என்ற சந்தேகத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தை மாதம் இருபத்தெட்டாம் திகதி. இப்போது கொழும்பில் ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார்.

முதலில் இருந்து சொல்கிறேன். இவர் வேலை செய்த இறால் பண்ணையில் நோய் வந்து எல்லாக் குளமும் வற்றவிட்டார்கள் என்று போன வருடம் எழுதியிருந்தேன் அல்லவா. பண்ணை மனேச்சர் கொழும்புக்குப் போகும்போது, பங்களாவில் இருந்த புல் வெட்டும் மெசினை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெற்றோலில் ஓடுவது, கயிற்றை இழுத்தால் கத்தும். இவர் அதைப் பிரித்து, கழுவி, பூட்டி, இதை வைத்துத்தான் இனிப் பிழைக்கப் போகிறேன் என்றார். எங்கள் ஊரில் யாருக்குப் புல்தரை? மணலும் தென்னையும்தானே. ஆகவே பஸ் ஏறிச் சிலாபம் டவுனுக்குப் போகத் தொடங்கினார்.

முதல் மாதம் வீடு வீடாகத் தட்டினார். ஒருவரும் எடுக்கவில்லை. பிறகுதான் யோசித்து வேலை செய்தார். எந்த வீட்டில் பிள்ளைகள் இத்தாலியில் இருக்கிறார்கள், அங்கே படம் எடுத்து அனுப்புவதற்கு முற்றம் அழகாக இருக்கவேண்டும் என்று எந்தத் தாய் ஆசைப்படுகிறாள், எந்த வீட்டுத் தோட்டக்காரன் ஆமியில் சேர்ந்து போய்விட்டான், எங்கே கலியாணம் வருகிறது, எங்கே பிள்ளைக்குக் கோயிலில் முதல் நன்மை விழா வருகிறது, துரை எத்தனை மணிக்கு வெளியே போவார், அவருடைய நோனா எத்தனை மணிக்கு முன் விறாந்தைக்கு வருவா, நாய் கட்டியிருக்கிறதா, பின்பக்கம் மெசினைக் கொண்டுபோகக் கேற் இருக்கிறதா. எல்லாவற்றையும் மகளின் பழைய சதுரக் கொப்பியில் எழுதுவார். ஒவ்வொரு தெருவுக்கும் ஒழுங்கைக்கும் ஒரு படம் கீறி, வீட்டுக்கு வீடு நம்பர் போட்டிருந்தார். பெரிய புல்தரை பெரிய ஆட்களிடம்தானே இருக்கும். ஆகவே நீதவானின் பங்களாவும் அதில் இருந்தது. பொலிஸ் பெரியவர் குடியிருக்கும் வீடும் இருந்தது.

நான்கு மாதத்தில் பதினொரு வீடு பிடித்தார். எவ்வளவு சந்தோசம் அக்கா அந்த மனிதனுக்கு. கொப்பியைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டுவார்.

ஒரு பல் வைத்தியரின் வீட்டில் வெட்டிக்கொண்டு நின்றபோது ஜீப் வந்தது. நேராக அவருடைய பையைத்தான் எடுத்தார்களாம். கொப்பி எங்கே என்றுதான் முதல் கேட்டார்களாம். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாது.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பார்க்க விடுகிறார்கள். நடுவில் இரட்டைக் கம்பிவலை. காவலில் நிற்பவனுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சிங்களத்தில்தான் கதைக்கவேண்டும். என் புருஷனோடு நான் சிங்களத்தில் கதைக்கிறேன் அக்கா. மகளுக்குப் பல் விழுந்துவிட்டது என்பதைக்கூட. அவர் வலது கையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே நிற்கிறார். ஏன் என்று கேட்டேன். குளிர் என்றார்.

லோயர் ஐயா நல்ல மனிதர். பங்குச் சுவாமிதான் அவரிடம் அனுப்பினார். கொப்பி ஒன்றுதான் இவர்மேல் இருக்கும் சாட்சி என்கிறார் லோயர். இது குண்டு வைக்கப் போட்ட பட்டியல் அல்ல, புல் வெட்டப் போட்ட பட்டியல் என்று அந்தக் கொப்பியில் உள்ள வீட்டுக்காரர்களே சொல்லவேண்டும். குறைந்தது மூன்று பேர் சத்தியக் கடதாசி தந்தால் பேசிப் பார்க்கலாம் என்றார்.

நானும் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். பதினொரு வீடும் எனக்கு மனப்பாடம். ஒரு கேற்றும் திறக்கவில்லை. வேலைக்காரியை அனுப்பி, வீட்டில் யாரும் இல்லை என்று சொல்வித்தார்கள். யன்னல் சீலை அசைவது எனக்குத் தெரிந்தது.

இந்தக் கிழமை முழுவதும் மழை பெய்தது. பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், எல்லா முற்றத்திலும் புல் முழங்காலுக்கு நிற்கிறது. அப்போதுதான் நினைத்தேன். மறியலில் அடைபட்டிருக்கிறவனின் பெண்சாதிக்குத் திறக்காத கேற், புல் வெட்ட வருகிறவளுக்குத் திறக்கும். மெசின் சிலாபம் டவுனில் ஜபார் நானாவின் சைக்கிள் கடையில் கிடக்கிறது. சென்றிச் சோதனையில் பெற்றோல் மணந்தால் கேள்வி வரும் என்று இவர் அதை அங்கேதான் வைப்பார். பிடித்த அன்று பல் வைத்தியர் வீட்டில் கிடந்ததை நானாவே போய் எடுத்து வந்தாராம். நாளைக்குப் போய்க் கேட்கப்போகிறேன்.

நீங்கள் ஏஜென்சிக்காரரிடம் எனக்கும் அங்கே வீட்டு வேலை சொல்லிவைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கோபிக்க வேண்டாம். பாஸ்போட்டுக்குப் பொலிஸ் றிப்போட் வேண்டும். என் பெயருக்கு இப்போது அது கிடைக்காது. கிடைத்தாலும், பத்து நிமிடம் கதைக்க அவருக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
அனஸ்தாசியா


முந்தல்
24.08.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் அழுதழுது எழுதியிருப்பது மை கரைந்திருந்ததில் தெரிந்தது. நான் அழுவதில்லை. நேரமில்லை. தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு இந்த வருடம் போகவில்லை. மகளை மட்டும் கொன்வென்ற் சிஸ்டர்மாரோடு அனுப்பினேன். உங்கள் பெயருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தியதாகச் சொன்னாள்.

ஜபார் நானா முதலில் தர மறுத்தார். "புள்ள, இது ஆம்புளைக்கே கை நோகிற சாமான். ரோட்டுல ஒங்களப் பாத்து ஆக்கள் என்ன பேசும்?" என்றார். என்ன வேண்டுமானாலும் பேசட்டும் நானா, பேசுகிறவர்கள் கேற்றைத் திறந்தால் சரி என்றேன். பிறகு அவரே தகடு தீட்டி, கயிறு மாற்றி, பிளக் துடைக்கவும் பழக்கிவிட்டார். அன்று தொடக்கம் காலை பஸ்ஸில் போய், அவர் கடையில் மெசினை எடுத்து, பின்னேரம் திருப்பி விடுகிறேன்.

ஆள் பிடிக்கும் விதம் சொன்னால் சிரிப்பீர்கள். நான் கேற்றடியில் நின்று கூப்பிடுவதே இல்லை. ஒரு வீடு கிடைத்தால், உள்ளே வெட்டி முடித்துவிட்டு மதிலுக்கு வெளியே ரோட்டோரப் புல்லையும் சும்மா வெட்டிக்கொடுப்பேன். பக்கத்து வீட்டு மதில் தொடங்கும் இடத்தில் நூல் பிடித்ததுபோல் நிறுத்திவிடுவேன். அதுவரை கண்ணில் படாத பக்கத்து வீட்டுப் புல் அப்போது அசிங்கமாகத் தெரியும். மெசின் சத்தத்துக்கு நாலு தலை மதிலுக்கு மேலே வரும். பொம்பிளை ஒருத்தி வெட்டுகிறாள் என்றதும் இன்னும் இரண்டு தலை வரும். அதில் யார் என்னைப் பார்க்காமல் தன் முற்றத்தைத் திரும்பிப் பார்க்கிறாவோ, அவதான் என் ஆள். அடுத்த நாள் அந்த வீட்டுக்கு மட்டும் போவேன். அநேகமாக வெறுங்கையோடு வரமாட்டேன்.

தனியே இருக்கும் வயதான நோனாமார்தான் நல்ல வாடிக்கை. வேலையைவிட மனித முகம் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. புதுப் பணக்காரர் முதல் தரம் நன்றாகக் கொடுத்துவிட்டு மறுதரம் தோட்டக்காரன் வைத்துவிடுவார்கள். திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. இதெல்லாம் நானே கண்டுபிடித்தவை. ஆனால் ஒன்றையும் எழுதுவதில்லை அக்கா. எந்த வீடு, எந்த நாள், எந்த நாய், எல்லாம் தலைக்குள்தான். பையில் ஒரு துண்டுக் கடதாசிகூடக் கிடையாது.

இப்போது என்னிடம் பதினாறு வீடு. அவரைவிட ஐந்து கூட. அந்தப் பதினொன்றில் எட்டு வீடு திரும்பவும் திறந்துவிட்டது. ஒரு நாள் ஒரு நேர்கோடு வடிவாக விழுந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

ஆனால் கடதாசி? மூன்று தரம் வெட்டிய பிறகுதான் ஒவ்வொரு வீட்டிலும் வாய் திறந்தேன். பல் வைத்தியரின் நோனா மெல்லிய குரலில், புல் வெட்ட எப்போதும் வா, இந்தக் கதையை மட்டும் என் வீட்டில் எடுக்காதே என்றா. ஒரு பள்ளிக்கூட மாஸ்டர், இவருடைய பெயரைச் சொன்னதும், பஸ்தியான் என்று ஒருவனைத் தான் கண்டதே இல்லை என்றார். அவருடைய வீட்டில் இவர் எத்தனை நாள் பிளேன்ரீ குடித்திருக்கிறார். சொல்லிவிட்டு மாஸ்டர் ரோட்டை எட்டிப் பார்த்தார். அவரையும் நான் என்ன சொல்ல? சிங்கள ஆளாக இருந்தாலும், புலிக்குச் சாட்சி சொன்னவன் என்று பெயர் எடுத்துவிட்டு அந்த ஒழுங்கையில் குடியிருக்க முடியுமா. எட்டில் ஏழு வீட்டிலும் இதுதான் பதில். அவர்களுடைய புல்லை நான் தொடர்ந்து வெட்டுகிறேன். விட்டால் மகளுக்குச் சாப்பாடு இல்லை. வெட்டினால் நியாயம் கேட்க வாய் இல்லை.

இனி எழுதப்போவதை வாசிக்கும்போது தனியே இருந்து வாசியுங்கள்.

மக்தலேனா ரீச்சர் என்று ஒரு நோனா. சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துப் பென்சன் எடுத்தவ. புருஷன் இல்லை. ஒரே மகன் ஆமியில் கப்டன். கொப்பியில் இருந்த வீடுதான். எனக்கு முதலில் கேற்றைத் திறந்தது அவதான். தேசிக்காய்த் தண்ணி தருவா. சாப்பிடப் பாண் தருவா. புல் வளராவிட்டாலும் ஒவ்வொரு வியாழனும் வரச்சொல்லுவா. போகும்போதெல்லாம், உன் புருஷனுக்குத் தேகம் எப்படி, சாப்பாடு கொடுக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்பா. இப்படி ஒரு நல்ல மனுஷி என்று நான் சுவாமியிடம்கூடச் சொன்னேன். கடதாசி கேட்டால் இவதான் தருவா என்று நினைத்து, கடைசியாகக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.

போன வியாழன் கேட்டேன். முற்றம் பாதி வெட்டியிருந்தேன். ரீச்சர் என்னைப் பின் விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனா. கதிரையில் இருக்கச் சொன்னா. சமையல்காரி உள்ளே இருந்தாள். அவளுக்கு விளங்காமல் இருக்க ரீச்சர் தமிழில் கதைத்தா. அவவுக்குத் தமிழ் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"நாந்தான் சொன்னது, பிள்ளை," என்றா.

எனக்கு விளங்கவில்லை.

"என்ட அம்மா தமிழ்லதான் எனக்குச் செபம் சொல்லித் தந்தது. எழுத்தும் கொஞ்சம் வாசிப்பன். இந்த ஒழுங்கையில தமிழ் வாசிக்கிறது நான் ஒருத்திதான்."

நடந்தது இதுதான். தை மாதம் ஒரு நாள் இவர் அடுத்த வெட்டுக்கு நாள் கேட்க வந்திருக்கிறார். பையை விறாந்தையில் வைத்துவிட்டுக் கிணற்றடியில் தண்ணீர் குடிக்கப் போனாராம். கொப்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவ எடுத்துப் பார்த்தா. ஒழுங்கையின் படம் இருந்தது. தன் வீட்டு நம்பருக்கு நேரே அவர் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தா. இத்தனை மாதத்துக்குப் பிறகும் அவ அதை மறக்கவில்லை. எனக்குச் சொல்லிக் காட்டினா.

"மகன் ஆமி. மாதக் கடைசி வெள்ளி வருவார். அதற்குள் வெட்டிவிட வேண்டும். நாய் கடிக்காது."

புல் என்ற சொல் அதில் இல்லை அக்கா. அந்தக் கொப்பியில் ஒரு பக்கத்திலும் அந்தச் சொல் இருக்காது. புல்லைத் தவிர வேறு எதை வெட்டப்போகிறார் என்று அவர் நினைத்திருப்பார். மகன் வீட்டுக்கு வரும்போது முற்றம் வடிவாக இருக்கவேண்டும், அதைக் கண்டால் ரீச்சர் சந்தோசப்படுவா என்பதற்காக எழுதினது.

ரீச்சர் அன்றைக்கே மகனுக்குத் தந்தி அடித்தா. மகன் யாருக்கோ சொன்னான். ஜீப் வந்தது.

"பிடிச்ச பிறகுதான் மற்ற வீட்டுக்கதை எல்லாம் கேட்டன். எல்லாரும் அவன் புல்லு வெட்டுறவன்தான் எண்டாங்க. பிறகு என்னால நித்திரை கொள்ள ஏலாமப் போச்சு," என்றா.

அவவின் கழுத்தைப் பிடிக்கவேண்டும்போலவும் இருந்தது. அவவின் மடியில் விழுந்து கத்தவேண்டும்போலவும் இருந்தது. எழும்பிப் போய் மீதி முற்றத்தை வெட்டி முடித்தேன். கயிற்றை ஐந்து தரம் இழுத்தும் மெசின் பிடிக்கவில்லை. ஆறாம் தரம் பிடித்தது. ரீச்சர் யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. கேற்றடியில் காசு தர வந்தபோது, கடதாசியில் எழுதித் தருவீர்களா என்று மட்டும் கேட்டேன். மகன் அறிந்தால் தன் முகத்தில் முழிக்க மாட்டான் என்றா. இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. அடுத்த வியாழன் வா என்றா.

போகாமல் இருக்க முடியாது அக்கா. உலகத்தில் அவரை வெளியே எடுக்கக்கூடிய ஒரே வாய் அந்த வாய்தான். இன்றைக்குச் சிலாபம் கோயில் பூசையில் அவ என் முன்வரிசையில் இருந்தா. சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பிக் கையைக் கூப்பினா. நானும் கூப்பினேன்.

இதை அவருக்குச் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில், சிங்களத்தில், காவல்காரனுக்கு முன்னால் இதை எப்படிச் சொல்ல?

உங்கள் கை நரம்பு வருத்தத்துக்கு எண்ணெய் அனுப்புகிறேன். பாரமான சாமான் தூக்கவேண்டாம்.

அன்புடன்,
அனஸ்தாசியா


முந்தல்
09.11.1997

என் அன்பான அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகளுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. எங்கள் கூரையின் தெற்குப் பக்கக் கிடுகை மாற்றிவிட்டேன். மாரி தொடங்கிவிட்டது, புல் இரண்டு கிழமைக்குள் எழும்பிவிடுகிறது. இவற்றை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை எழுதக் கை வருகுதில்லை.

ரீச்சர் கடதாசி தந்தா.

ஆறு வியாழன் போனேன். ஆறு வியாழனும் வெட்டிவிட்டு ஒன்றும் கேட்காமல் வந்தேன். கேட்டால் அவ பயந்துவிடுவா என்று தெரியும். கேட்காமல் நின்றால் தானாகவே வருவா என்று ஒரு நம்பிக்கை. புரட்டாதிக் கடைசியில் அவவின் மகன் லீவில் வந்தான். நான் முற்றத்தில் நின்றபோது வெளியே வந்து என் அடையாள அட்டையைக் கேட்டான். சிங்களத்திலும் தமிழிலும் என் பெயர் இருக்கிறதைப் பார்த்து, தமிழாள் என்று அறிந்துகொண்டான். புருஷன் எங்கே என்றான். ரீச்சர் ஓடிவந்து, இவளுடைய புருஷன் வெளிநாட்டில் என்றா. அவன் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, ஓரம் சரியில்லை, பார்த்து வெட்டு என்றான். இருபத்தாறு இருபத்தேழு வயதுதான் இருக்கும். கையில் ஒரு காயம் ஆறாமல் இருந்தது. அவனை வெறுக்கத்தான் போனேன். முடியவில்லை.

அவன் வடக்குக்குத் திரும்பிய அடுத்த ஞாயிறு, ஐப்பசி ஐந்தாம் திகதி, சிலாபம் கோயிலில் பூசை முடிந்ததும் ரீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தா. "வா போவம், பிறகு எனக்குத் தைரியம் வராது," என்றா. லோயர் வீட்டுக்குப் போனோம். அவர் சத்தியம் எடுக்கச் சமாதான நீதவான் ஒருவரையும் வரவழைத்தார். ரீச்சர் தன் கையால் இரண்டு பக்கம் எழுதினா. தான் பார்த்தது என்ன, தான் நினைத்தது என்ன, தான் நினைத்தது பிழை என்று. கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்தா. வெளியே வந்து ஒரு கடையில் இரண்டு பேரும் ரீ குடித்தோம்.

ரீச்சர் எழுதினதை அறிந்ததும் பல் வைத்தியரின் நோனாவும் எழுதித் தந்தா. பிறகு மாஸ்டரும் வந்தார். ஒருவர் எழுதினால் மற்றவருக்கும் துணிச்சல் வருகிறது. மூன்று கடதாசி அக்கா. எட்டு மாதம் ஒன்றும் இல்லாமல் இருந்து, ஒரு கிழமையில் மூன்று. இருபதாம் திகதி எல்லாவற்றையும் கொடுத்து மனுப்போடுவதாக லோயர் சொன்னார். மார்கழிக்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார். அவர் அப்படி லேசில் சொல்கிறவர் அல்ல.

பதினேழாம் திகதி எனக்குப் பார்க்கும் நாள். பஸ்ஸில் போகும்போதே சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள். எனக்குக் கோபமே வரவில்லை.

அவர் கம்பிவலைக்கு வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தார். ஒன்பது மாதத்தில் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். நான் வாய் திறக்குமுன் அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். உளவு பார்த்தது உண்மை, இயக்கத்துக்குத்தான் அந்தப் பட்டியல் போட்டேன் என்று அவர்கள் எழுதிக் கொண்டுவந்ததில். போட்டால் ஒரு வருடம் புனர்வாழ்வு முகாம், அதோடு விட்டுவிடுவார்களாம். போடாவிட்டால் வழக்கு எத்தனை வருடம் இழுக்குமோ தெரியாது. கூட இருப்பவர்களில் பாதிப் பேர் போட்டுவிட்டார்களாம்.

ஏன் இவ்வளவு நாள் போடாமல் இப்போது போட்டீர்கள் என்று கேட்டேன்.

புரட்டாதியில் சிலாபப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து அவருடைய அறையில் போட்டார்களாம். அவன் இவரை அறிந்துகொண்டு, "அண்ணே, அக்காவ ரோட்டுல கண்டனான். மெசினத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கேற்றா நிக்கிறா," என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட நாளில் இருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

"உன்னை அந்தக் கேற்றுகளில் நிற்கவிட்டுவிட்டு நான் இங்கே உண்மை பேசிக்கொண்டிருப்பதா," என்றார். எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னார். கடைசி ஒன்றை மட்டும் தமிழில் சொன்னார். "இனி நீ ஒருத்தன்ர வாசலுக்கும் போகத் தேவையில்லை." காவல்காரன் தடியால் வலையில் தட்டினான்.

அக்கா, மூன்று கடதாசியும் என் பைக்குள் இருந்தன. பிரதி. அவருக்கு வாசித்துக் காட்டத்தான் கொண்டுபோனேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் செய்தது சரி என்று நான் சொல்லவேண்டும் என்று நின்றார்.

நல்லது செய்தீர்கள் என்றேன். இனிப் போகமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் வலது கையை வெளியே எடுத்து வலையில் வைத்தார். அப்போதுதான் அந்த விரல்களைக் கண்டேன். அதைப் பற்றி இதில் எழுதமாட்டேன். அவர் அந்தக் கையால்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வரும்போது லோயரிடம் போனேன். கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை மறுத்தால் முதலில் இருந்து பெரிய வழக்கு, மூன்று நான்கு வருடம் ஆகலாம், தோற்றால் நீண்ட மறியல் என்றார். ஒரு வருடத்தில் வருகிறவரை ஏன் அதில் மாட்டவேண்டும் என்றார். நான்கு நாள் முந்தியிருந்தால் என்று தொடங்கினார். நிறுத்திக்கொண்டார். கடதாசிகளைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். இவரிடம் மட்டும் ஒருபோதும் சொல்லவேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டேன்.

ரீச்சருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வியாழன் போனதும் மனுப் போட்டாயிற்றா என்று ஆசையோடு கேட்டா. சொன்னேன். அவ நின்ற இடத்திலேயே படியில் இருந்துவிட்டா. செய்யாத பாவத்தை அவன் ஏன் ஏற்றான் என்று கேட்டா. எனக்காக என்றேன். பிறகு நான் மெசினை எடுத்தேன். ரீச்சர் எழும்பிப் போய் நாயைக் கட்டினா.

ஓம் அக்கா, நான் இன்னும் போகிறேன். இன்றைக்குப் பதினெட்டு வீடு. அவருக்குக் கொடுத்த வாக்கை அடுத்த நாளே மீறிவிட்டேன். மகள் இருக்கிறாள். முகாம் தூரம், போய்வரப் பஸ் வேண்டும், அவருக்குச் சவர்க்காரம், பால்மா, மருந்து வேண்டும். நீங்கள் அனுப்புவது போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையும் எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? ஜபார் நானாவிடம் சொல்லி, இவர் வெளியே வரும் கிழமை மெசினைக் கடைக்குப் பின்னால் சாக்குப்போட்டு மூடச்சொல்லிவிட்டேன்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவருக்கு இனி முகாமில் கடிதம் எடுக்க விடுவார்களாம். நீங்கள் அவருக்கு எழுதவேண்டும். என் கையால் எழுதினால் எங்கேயாவது பிடிபட்டுவிடுவேன். அனஸ்தாசியா வீட்டில் இருக்கிறாள், நான் அனுப்புவது அவளுக்கும் பிள்ளைக்கும் தாராளமாகக் காணும், ஒருவருடைய வாசலுக்கும் அவள் போவதில்லை என்று எழுதுங்கள். நீங்கள் செய்தது நல்லது தம்பி, அதனால்தான் என் தங்கை தலைநிமிர்ந்து இருக்கிறாள் என்று எழுதுங்கள். ரீச்சரைப் பற்றி வேண்டாம். ஐப்பசி ஐந்தாம் திகதி பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நீங்கள் பொய் எழுதிப் பழக்கமில்லாதவ என்று எனக்குத் தெரியும். அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும், நான் சுவாமியிடம் சொல்லிக்கொள்கிறேன்.

எழுதும்போது பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவருக்குக் கண் மங்கிவிட்டது.

அன்னம்மாள் உங்களை அந்த அரபு வீட்டில் கைவிடாமல் காக்கட்டும். எங்கள் எல்லோரையும் ஒரு நாள் ஒரு முற்றத்தில் சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை,
அனஸ்தாசியா